கூட்டத்தில் கத்தியவன்

மார்ச் 2, சனி

தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. சுத்தமாகக் குரல் இல்லை. கிளினிக்கில் நாள் முழுக்கச் சைகையிலேயே ஓட்டினேன். காது மந்தமானவர்களிடம் வாயைத் திறக்காமல் சைகை காட்டினால் என்ன ஆகும்? மொத்தமாகவே செவிடாகிவிட்டோம் என்று ஒரு அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தவும் எனக்குக் குரல் இல்லை.

இவருக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமானதிலிருந்து வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லையாம். நாளைக்குக் கூட்டத்துக்கு நான் வரவில்லை என்று எழுதிக் காட்டினேன். சும்மா வந்து உட்கார், உன் பங்குக்கும் சேர்த்து நானே கத்துகிறேன் என்றார்.

மார்ச் 3, ஞாயிறு

வழக்கம்போல், தாடி என்று நாங்கள் கூப்பிடுகிற நண்பரின் பிரிண்டிங் கடையில் கூடினோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேப்பர் கட்டுகள் மேல் உட்கார்ந்துகொள்வோம். மை வாசனை, பிளாஸ்டிக் கப்பில் டீ. வெளியே போகிறவர்கள் சீட்டாட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். கனடாவில் எங்கோ பனி கொட்டுகிற ஊரில் நாலு பேர் சேர்ந்து பாடிய ராக் பாட்டுகளுக்காக, வயது வந்த மனிதர்கள் மாதாமாதம் கூடிச் சண்டை போட்டுக்கொள்கிறோம் என்றால் யார் நம்புவார்கள்? அந்த பேண்டு கலைந்தே பல வருஷமாகிறது. நாங்கள்தான் கலையவில்லை.

தாடி போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு பாட்டு. 'இதுதான் எனக்குப் பிடித்தது' என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் இன்னொருவர் அதன் மேல் கை வைக்கக் கூடாது. வேண்டுமானால் இரண்டு பேர் மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் எல்லோர் முன்னாலும் ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும், சொல்வதை மற்றவர்கள் நம்ப வேண்டும். கையிலிருக்கும் பாட்டை அநாதையாக விட்டுவிட்டுப் போக முடியாது. பாட்டுகளின் ஆங்கிலத் தலைப்புகள் நீளம் என்பதால் நாங்களே பெயர் வைத்திருக்கிறோம். தாடிக்கு ரயில். பஸ் ஓட்டுகிற டிரைவர் அண்ணனுக்குப் பாலம். என் நாத்தனாருக்கு ஜன்னல். எனக்குப் பெட்ரோல் பங்க். இவருக்கு ஏரி.

எல்லோரும் அவரவர் பாட்டுக்காக வாதாடி முடித்ததும் கடைசியாகத் தாடி அந்த ரெக்கார்டைப் போடுவார். அவர்கள் ஊரில் ஒரு பனிச்சறுக்கு அரங்கத்தில் நடந்த கச்சேரி. இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும்போது கூட்டத்திலிருந்து ஒருவன் "ட்ரெயின்!" என்று கத்துவான். ரயில் பாட்டைப் பாடச் சொல்கிறான். பாடகர் சிரித்துவிட்டு வேறு பாட்டை ஆரம்பிப்பார். அவன் கத்தும் நொடியில் நாங்களும் சேர்ந்து கத்த வேண்டும். அதோடு கூட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். டிரைவர் அண்ணன் கத்தும்போது கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும்.

இன்று நான் கத்தவில்லை. அதனால் கேட்க முடிந்தது.

அவன் ட்ரெயின் என்று கத்தவில்லை. ட்ரெயின் என்று கத்தியது எங்கள் ஆட்கள். அதற்கு அடியில் அவன் "பிரிட்ஜ்" என்றான். பாலம்.

ஜலதோஷத்தில் காது அடைத்திருக்கும், வேறென்ன.

மார்ச் 4, திங்கள்

காது அடைக்கவில்லை. கிளினிக்கில் எனக்கு நானே பரிசோதனை செய்துகொண்டேன். ஒரு குறையும் இல்லை.

மாலை, பாதி திரும்பிய குரலோடு தாடி கடையில் இறங்கி, அதே ரெக்கார்டைப் போடச் சொன்னேன். ட்ரெயின். திரும்பப் போடச் சொன்னேன். ட்ரெயின். தலைவலி மாத்திரை எதையாவது கூடச் சேர்த்துப் போட்டுக்கொண்டாயா என்று தாடி அக்கறையாக விசாரித்தார்.

மார்ச் 21, வியாழன்

டிரைவர் அண்ணனை அவர் மனைவி கிளினிக்குக் கூட்டிவந்தாள். பாலம் பாட்டைப் போட்டால் "யாரு இவங்க?" என்று கேட்கிறாராம். முதலில் கேலி செய்கிறார் என்று நினைத்திருக்கிறாள். தினமும் கேட்கிறார் என்றதும் பயந்துவிட்டாள்.

சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினேன். மெல்லிய சத்தத்துக்குக்கூடப் பட்டனை அழுத்துகிறார். அந்த வயதில் அப்படியொரு காது அமைவது வரம். அப்புறம் பாலம் பாட்டைப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரியாதையாக உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். நரம்பு புடைக்கக் கத்துகிற மனிதர், கால்கூடத் தாளம் போடவில்லை.

"பரவால்லம்மா. யாரு இவங்க? கேட்டதே இல்லையே."

தண்ணீர் குடிக்கவைத்துவிட்டு அதையே மறுபடி போட்டேன். அதே புன்னகை, அதே கேள்வி.

மனைவி என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாட்டோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாளாம். மகனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, மேம்பாலத்து மேல் ஏறியதும் அண்ணன் இந்தப் பாட்டைத்தான் போடுவார். எங்களுக்கே நூறு தடவை சொல்லியிருக்கிறார். பையன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்திருக்கிறான். இவர் எடுத்து, "சொல்லுங்க தம்பி, எந்த ஸ்டாப்புக்குப் போகணும்?" என்று கேட்டாராம்.

அவளிடம் மார்ச் 3 விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 23, சனி

பல் டாக்டர் ஞாபகம் வந்தது. போன வருஷம் வரை எங்கள் கூட்டத்தில் இருந்தாள். திடீரென்று தனக்கு ராக் எல்லாம் பிடிக்காது என்று சொல்லி நின்றுவிட்டாள். கட்சி மாறிவிட்டாள் என்று கிண்டல் செய்து சிரித்தோமே தவிர, ஒருவராவது போய்ப் பார்த்தோமா?

பல் வலி என்று பொய் சொல்லிப் போய் அவள் நாற்காலியில் சாய்ந்தேன். என்னை அடையாளம் தெரிகிறது, கூட்டமும் நினைவிருக்கிறது. அவள் பாட்டு மட்டும் இல்லை. எதிர்ச் சுவரில் சதுரமாக ஓரிடம் வெளுத்திருந்தது. அங்கே அவளும் அவள் அக்காவும் மழையில் நனைந்தபடி நிற்கும் படம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அக்கா வாங்கிக் கொடுத்த கேசட்டில்தான் அவளுக்கு அந்தப் பாட்டு அறிமுகம்.

அங்கே என்ன இருந்தது என்று கேட்டேன்.

"யாரோ ஒரு பொண்ணோட படம். இதுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க மாட்டினது போல. தூக்கிப் போட மனசில்லாம உள்ள வெச்சிருக்கேன்."

அந்தக் கட்டிடத்தைக் கட்டியதே அவள்தான். அதற்கு முன்னால் யாரும் அங்கே இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

ஆக இதுதான் நடக்கிறது. நாங்கள் சேர்ந்து கத்துகிற மறைவில் அவன் வேறு பாட்டின் பெயரைச் சொல்கிறான். எவருடைய பாட்டோ, அவரிடமிருந்து அது போய்விடுகிறது. அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆளும் சேர்ந்து போய்விடுகிறார். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது.

எத்தனை மாதமாகக் கத்தியிருக்கிறோம். ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறோமா?

ஏப்ரல் 6, சனி

நாளைக்கு ரெக்கார்டு போட வேண்டாம் என்று தாடியிடம் கெஞ்சினேன். காரணத்தையும் சொன்னேன். டிரைவருக்கு மறதி நோய், வயதானால் வருவதுதான், நீ அதற்கு ஒரு பேய்க்கதை கட்டாதே என்றார். இவரும் அவரோடு சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஏப்ரல் 7, ஞாயிறு

"லேக்" என்றான்.

ஏரி. இவருடைய பாட்டு. இவர் என் பக்கத்தில் நின்று, என் தோளில் கை போட்டுக்கொண்டு, ட்ரெயின் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

கடவுளே. நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 8, திங்கள்

தூக்கமில்லை. இவர் வேலைக்குப் போனதும் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு தடவையாவது முழுதாக எழுதி வைத்துவிட வேண்டும்.

ஏரிப் பாட்டில் இவருக்கு ஒட்டிக்கொண்டிருப்பது யார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான்தான்.

கிளினிக்கில் சேர்ந்த புதிது. மூன்றாவது மாடிக்குப் போகும்போது லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. எனக்கு இருட்டு என்றால் உதறல். மேலே இருந்து விசில் சத்தம் வந்தது. யாரோ ஒரு மெக்கானிக் சாவகாசமாக ஒரு பாட்டை விசிலடித்துக்கொண்டே ஸ்பேனரால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விசிலடிக்கறதை விட்டுட்டுக் கதவைத் திறக்கறீங்களா?" என்று கத்தினேன். "பாட்டு முடியட்டும்ங்க, சரியா அப்பத் திறக்கும்" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

பாட்டு முடிந்தது. சரியாகத் திறந்தது.

திட்டலாம் என்று வெளியே வந்தால், கையெல்லாம் கிரீஸோடு நின்றுகொண்டு கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினார். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள் என்றார். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். ஏரி உறைந்துபோகிறது, அக்கரையில் ஒருத்தி நிற்கிறாள், பனி தாங்குமா தாங்காதா என்று தெரியாமல் ஒருவன் நடக்க ஆரம்பிக்கிறான். உள்ளே என்னவோ செய்தது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், "பரவால்ல. டிரம்ஸ்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

காது டாக்டரம்மா சொன்னால் சரிதான் என்று சிரித்தார். நான் டாக்டர் இல்லை, காதுப் பரிசோதனை செய்கிறவள்தான் என்று சொன்னேன். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

எனக்கு விசிலடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று எவ்வளவோ பாடுபட்டார். எனக்கு வெறும் காற்றுதான் வரும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஷேவ் செய்யும்போது ஏரிப் பாட்டை விசிலடிப்பது இவர் வழக்கம். இன்று பாதியில் நின்றது. மீதியை முடிக்கவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

சோப்பு வாய்க்குள் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

"டீ போடட்டுமாங்க?" என்றார் இவர்.

என்னை 'ங்க' போட்டு இவர் பேசியதே இல்லை. முதல் நாள் லிஃப்டில் பேசியதோடு சரி. நான் திரும்பிப் பார்த்ததும் இவருக்கும் என்னவோ உறுத்தியது. "டீ போடட்டுமா?" என்று திருத்திக்கொண்டார். அப்புறம் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தோம்.

ஏப்ரல் 18, வியாழன்

நாம் எப்படிப் பழகினோம் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "உன் கிளினிக்ல லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தேன்ல" என்றார். அப்புறம்? "அப்புறம் என்ன, பழகினோம்." லிஃப்டுக்குள் யார் இருந்தார்கள்? யோசித்தார். "யாரோ ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க, சரியான சண்டைக்காரி" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்விட்டார்.

மத்தியானம் போன் போட்டு நாத்தனாரிடம் அழுதேன். தன் அண்ணனைப் பார்க்க ஓடிவந்தாள். அவளைப் பார்த்ததும் இவர் வழக்கம்போல் தலையில் குட்டினார், தங்கச்சியை நன்றாகத் தெரிகிறது. என்னை மட்டும்தான் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பார்க்கிறார். சோபாவின் ஓரத்தில், விருந்தாளி மாதிரி உட்காருகிறார்.

எனக்கு இதைத் தாங்குகிற தெம்பு கிடையாது. சத்தியமா கிடையாது.

ஏப்ரல் 19, வெள்ளி

யோசித்து யோசித்து ஒரு வழி தெரிந்தது. அவன் ஆளின் பெயரைச் சொல்வதில்லை, பாட்டின் பெயரைத்தான் சொல்கிறான். பாட்டு யார் கையில் இருக்கிறதோ அவரிடமிருந்துதான் போகும். இவர் கையிலிருந்து ஏரிப் பாட்டை நான் வாங்கிக்கொண்டால்?

அப்போது நான் மறந்துபோவேன். இவரை.

தாடியிடம் போய் இவர் நிலைமையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கடையில் போய் ரெக்கார்டை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார். உடைத்து என்ன பயன், கூப்பிட்டது கூப்பிட்டதுதான். தானே ஏரிப் பாட்டை மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் ஏன் பிடிக்கும் என்று சொல்லச் சொன்னால் கிடார், ஒலிப்பதிவு என்று என்னென்னவோ சொல்கிறார். ஒரு வார்த்தையும் ஒட்டவில்லை. அவர் போட்ட சட்டத்திலேயே அவர் தேறவில்லை. நாத்தனார் வாங்கிக்கொண்டால் அண்ணனைத் தொலைத்துவிடுவாள்.

ஆக நான்தான். தியாகம் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். இவர் என்னை மறந்துவிட்டு மரியாதையாகப் பேசுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க என்னால் முடியாது. அதைப் பார்க்கிற வேலையை இவர் தலையில் கட்டப் போகிறேன். சுயநலம், வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 20, சனி

ஷட்டர் பாதி இறக்கிய கடை. மெஷின் மேல் பாதி அச்சடித்த போஸ்டர்கள். டிரைவர் அண்ணனைக்கூட அவர் மனைவி கூட்டிவந்திருந்தாள். எல்லோருக்கும் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுந்து நின்று ஏரிப் பாட்டை எனக்கு ஏன் பிடிக்கும் என்று சொன்னேன். லிஃப்ட், இருட்டு, விசில், கிரீஸ் கை, படிக்கட்டு, எல்லாவற்றையும். டிரம்ஸ் ஜாஸ்தி என்றது பொய் என்பதையும் முதல் தடவையாகச் சொன்னேன். டிரம்ஸ் சரியாகத்தான் இருக்கிறது. என் நெஞ்சுதான் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக அடித்துக்கொண்டது.

நாத்தனார் விசும்பினாள். தாடி தாடியைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இவர் ஒருத்தர்தான் அக்கம்பக்கத்துக் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இவ்வளவு பிடிச்சிருந்தா எடுத்துக்கங்க. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். பெட்ரோல் பங்க் பாட்டைப் பற்றித் தன் பங்குக்குச் சொல்லி, எல்லோரும் ஒப்புக்கொண்டதும் வாங்கிக்கொண்டார். அதில் கிடாரைத் தவிர எனக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

காலையில் பாத்ரூமிலிருந்து விசில். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை.

முகத்தில் பாதி நுரையோடு வெளியே ஓடிவந்தார். "டிரம்ஸ் ஜாஸ்தி இல்லையாடி?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். நுரை என் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. இந்த ஒரு காலைக்காகவே எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அதற்குள் இவருக்குப் புரிந்துவிட்டது, நான் என்ன செய்திருக்கிறேன் என்று.

ஏப்ரல் 24, புதன்

சண்டை. திருப்பிக் கொடு என்கிறார். மாட்டேன் என்கிறேன். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் மாற்ற முடியும், எனக்குச் சம்மதமில்லை, சட்டம் சட்டம்தான்.

"நீ மறந்துட்டா நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

"என்கிட்டயே சொல்லுங்க. புதுசா கேட்டுக்கறேன்."

"டிரைவர் கேட்டுக்கற மாதிரியா?"

ஒருத்தருக்கு ஞாபகம் இருந்தால் போதும் என்று ஏதோ உளறினேன். சாப்பிடாமல் எழுந்து போனார். பாத்திரங்களை அடுக்கும்போது ஒரு தட்டு கை தவறி உடைந்தது. இவர் உடைத்தாரா நான் உடைத்தேனா?

மே 3, வெள்ளி

இன்னும் எல்லாம் இருக்கிறது. லிஃப்ட், இருட்டு, விசில். ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்துப் பஞ்சு கிழிந்திருந்தது. தினமும் காலையில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்கிறேன், அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதுபோல.

மே 9, வியாழன்

அந்த லிஃப்டில் விளக்கு போயிருந்ததா, எரிந்ததா? இவரைக் கேட்டேன். போயிருந்தது என்றார். சொல்லும்போது என் கையை விடவே இல்லை.

மே 13, திங்கள்

பயமா இருக்கு. இவர் பக்கத்துலயே இருந்தும் பயமா இருக்கு. அந்தப் படிக்கட்டுல நான் ஒருத்திதான் உக்காந்திருக்கேன். பக்கத்துல யாருமே இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் இல்ல.

மே 19, ஞாயிறு

துணி துவைத்தேன். ஆண் சட்டைகள் நிறைய.

மே 26, ஞாயிறு

அலமாரியைச் சுத்தம் செய்தபோது இந்த டைரியின் முன் பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை சுவாரசியம். கொஞ்சம் வாயாடி போலிருக்கிறது. யாரையோ நினைத்து ரொம்பவும் உருகியிருக்கிறாள், பாவம்.

ஜூன் 2, ஞாயிறு

வீட்டில் இருக்கிற அந்த மனிதர் நல்ல மாதிரி. காலையில் எனக்கும் சேர்த்து டீ போடுகிறார். ஹாலில் படுத்துக்கொள்கிறார். வாடகைக்கு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும் என்று நினைப்பேன், கேட்பதற்குள் வேறு வேலை வந்துவிடும். ஷேவ் செய்யும்போது என்னவோ விசிலடிக்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். அது ஒன்றுதான் சங்கடமாக இருக்கிறது.

ஜூன் 8, சனி

நாத்தனார் வந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரு மாதிரியாக இருந்தாள். "அண்ணி, என்னை ஏன் நாத்தனார்னு சொல்றீங்க?" என்று கேட்டாள்.

இதென்ன கேள்வி? நாத்தனாரை நாத்தனார் என்றுதானே சொல்வார்கள்.

"நாத்தனார்னா யாரு அண்ணி?"

"புருஷனோட தங்கச்சி."

"என் அண்ணன் யாரு?"

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்த மனிதரைக் காட்டினேன். அவளைத் தலையில் குட்டுவார், சின்ன வயதுக் கதை பேசுவார், அண்ணன்தான் என்று பார்த்தாலே தெரியும்.

"அப்ப அவரு உங்களுக்கு யாரு?"

வீட்டில் இருக்கிறவர் என்றேன். அவள் எதற்கு அப்படி அழுதாள் என்று தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டபடி அவர் அந்தப் பக்கம் திரும்பியே நின்றார். தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. நான்தான் போய் மூடினேன்.

ஜூன் 12, புதன்

இன்று கிளினிக் கட்டிடத்து லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எனக்கு உதறல். மேலே யாரோ விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினேன். பாட்டு முடிந்ததும் திறக்கும் என்று பதில் வந்தது, என்ன திமிர். வெளியே வந்து பார்த்தால், வீட்டில் இருக்கிறாரே, அவர். லிஃப்ட் மெக்கானிக்காம். ஹெட்ஃபோனைக் கொடுத்துப் படிக்கட்டில் உட்காரவைத்து ஒரு பாட்டு கேட்கச் சொன்னார். ஏதோ கனடாக்காரர்களாம், ஏரியைப் பற்றி.

பரவாயில்லை, டிரம்ஸ்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்றேன்.

ஜூன் 20, வியாழன்

கட்டிடத்து லிஃப்ட் இன்று நடுவில் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மேலே ஒருவர் விசிலடித்தார். வெளியே வந்ததும் ஒரு பாட்டைக் கேட்கச் சொன்னார். யாரோ கனடாக்காரர்கள். டிரம்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி பரவாயில்லை.

லிஃப்ட் நின்ற கதையை வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இன்னிக்குமா மேடம்?" என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. முதல் தடவை. ஒரு பாட்டு கேட்டேன், பரவாயில்லை. அந்த மெக்கானிக்கின் கண் இரண்டும் சிவந்திருந்தது, ஒழுங்காகத் தூங்கமாட்டார் போல.

ஜூலை 4, வியாழன்

வீட்டில் இருக்கிற அவருக்குக் காய்ச்சல். அனலாகக் கொதித்தது. மாத்திரை கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வந்துவிட்டேன், அப்புறம் திரும்பிப் போய்ப் போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

லிஃப்ட் ஒழுங்காக ஓடியது. எங்கும் நிற்காமல் மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, என்னவோ ஏமாற்றமாக இருந்தது. பட்டனை அழுத்திக் கீழே போனேன். மறுபடி மேலே வந்தேன். மறுபடி கீழே. முதல் நோயாளி வந்து காத்திருக்கிறார் என்று வரவேற்புப் பெண் போன் செய்தாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை போய்வந்தேன்.

இரண்டாவது மாடி தாண்டும்போது மேலே பார்த்து, வாயைக் குவித்து ஊதிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.